எண்ணூர்: கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு தங்குமிடம்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, கொசத்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர், அனல்மின் நிலையங்களின் ஊராக அறியப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, காலனிய ஆட்சிக்கால மதராஸின் ஐரோப்பியர் ஓய்வுக்கு நாடிய கடற்கரையாக இருந்தது. ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் உப்பங்கழியும், அதாவது கடல்நீர் ஏறியிறங்கும் ஆழமற்ற நீர்நிலையும், சூழ்ந்த குறுகிய மணல்திட்டிலேயே அவர்கள் பங்களாக்களைக் கட்டினர். வெயில் ஏறிய பின் நிலத்தை நோக்கி வீசும் கடற்காற்று தடையின்றிக் கிடைத்ததும், கடல் கொந்தளித்தாலும் கழியில் அமைதியாகப் படகு விட முடிந்ததும் அத்தேர்வுக்கு வலுவான காரணங்களாகத் தோன்றுகின்றன. 1806 அளவில் மதராஸையும் எண்ணூரையும் இணைத்த காக்ரேன் கால்வாய் (பின்னாளில் இது பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது) நகரிலிருந்து நீர்வழியாகவே அங்குச் செல்ல வழி செய்தது.

ஆயினும் அந்நிலத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் விருந்தினரல்லர். மணல் சேர்ந்து அடைபடும் முகத்துவாரத்தின், அதாவது ஆற்றுவாயின், போக்கறிந்து கழியிலும் கடலிலும் மாறிமாறித் தொழில் செய்த மீனவர்களே. வடக்கே, கடலும் கழியும் கால்வாயும் சூழ்ந்த காட்டுப்பள்ளித் தீவும் அத்தகைய நிலமே. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கியது. 2001-இல் புதிய துறைமுகமும் வந்தது. பங்களாக்காரர்களால் விலகிச் செல்ல முடிந்தது. சாம்பல் படிந்த கழியை நம்பி முகத்துவாரக்குப்பத்தாரும் காட்டுக்குப்பத்தாரும் இன்றும் அங்கேயே வாழ்கின்றனர்.