அண்டத்தின் வடிவமும் அளவும்: யாழ்ப்பாண மரபு

அண்டம் எத்துணைப் பெரியது, எந்த வடிவினது என்னும் கேள்விக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தமிழர் மூன்று வழிகளில் விடை பெற்றனர்: புராணம், சோதிட சித்தாந்தம், மேலை வானியல்.

புராணம். யாழ்ப்பாணக் கோயில்களில் கந்தபுராண படனம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். அசுர காண்டத்து அண்டகோசப் படலத்தின் வழியே மேருமலையும், தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த ஏழு கடல்களும் எழுத்தறியாதவருக்கும் பழக்கமாயின. சூரபன்மன் ஆண்டவை 1008 அண்டங்கள். ஆகவே நம் அண்டம் பலவற்றுள் ஒன்றே.

சித்தாந்தம். சூரிய சித்தாந்தத்தில் பூமி உருண்டை. விட்டம் 1600 யோசனை. அண்டத்தின் சுற்றளவும் அந்நூலில் உண்டு. சந்திரன் செல்லும் வட்டம் 3,24,000 யோசனை. கற்பம் என்னும் பேரூழி ஒன்றில் அது 5,775 கோடியே 33 இலட்சத்து 36 ஆயிரம் முறை சுற்றுகிறது. இரண்டையும் பெருக்கினால் 18,712,080,864,000,000 யோசனை. சூரியனின் ஒளி பரவும் எல்லை இதுவே என்கிறது நூல்.

மேலை வானியல். அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர் டானியல் புவர், புராணப் பூகோளத்தை வானியலால் வெல்ல முனைந்தார். 1829இல் வந்த சந்திர கிரகணம் ஊரறிந்த சோதனையாயிற்று. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணக்கைவிடப் புவரின் கணக்கே நேரத்துக்கு நெருங்கி நின்றது. ஆனால் பூமி உருண்டை என்பதில் இருவர் கணிதமும் ஒன்றே, வேறுபட்டவை எண்கள். புவருக்குப் பின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன், 1848இல் தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் அச்சேற்றினார். மறுக்க வந்த இடமே மரபைப் பாதுகாத்தும் தந்தது.

இன்றைய அளவு. அண்டம் விரிகிறது என்பதை 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார். அதன் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. இடையறாத விரிவினால், நாம் காணக்கூடிய பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9300 கோடி ஒளியாண்டாகிவிட்டது. வடிவத்தைக் காட்டுவது 1965இல் அறியப்பட்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு. அதிலுள்ள சூடும் குளிருமான திட்டுகளின் உண்மை அகலத்தைப் பௌதிகவியல் கணித்துச் சொல்லும். வெளி உருண்டையாக வளைந்திருந்தால் அவை பெரிதாகவும், குதிரைச் சேணம்போல் வளைந்திருந்தால் சிறிதாகவும் தோன்றும். அவையோ ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது முழுநிலாவின் இருமடங்கு அகலத்தில் தெரிகின்றன. வெளி தட்டையாக இருந்தால் தெரியவேண்டிய அளவும் அதுவே. பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் இதை மிக நுட்பமாக உறுதிசெய்தன.

அளவின் எல்லை. புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு அடிகாணாதது என்பது ஊர்வழக்கு. அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்குமாம். அளந்தவர்கள் ஏறத்தாழ 50 மீட்டரில் அடியைக் கண்டனர். மேலே நன்னீர், ஆழம் போகப்போக உவர். கிணற்றுக்குக் கயிறு எட்டியது. அண்டத்துக்கு ஒளியே கயிறு. 9300 கோடி ஒளியாண்டு என்பது அந்தக் கயிறு எத்திசையிலும் எட்டும் பகுதியின் விட்டமேயன்றி அண்டத்தின் அடியன்று. சித்தாந்தியின் எண் இன்று நிற்கவில்லை. ஒளி எட்டும் தொலைவையே எல்லையாகக் கொள்ளும் வழக்கம் நிற்கிறது.