இரட்டைச் செயல் துப்பாக்கி விசை

இரட்டைச் செயல் விசை என்பது, விரலால் ஒருமுறை இழுக்கும்போதே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளுதல், பின்னர் அதனை விடுவித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்தல் ஆகிய இரண்டு செயல்களையும் நிறைவேற்றும் கைத்துப்பாக்கி இயங்குமுறை ஆகும். சுழல் துப்பாக்கிகளிலும் (ரிவால்வர்) பிஸ்டல்கள் பலவற்றிலும் இம்முறை பயன்படுத்தப்படுகின்றது. இவ்விசையை இழுப்பதற்கு மிகுந்த விரல் வலிமை தேவைப்படும். இக்கடினம் தற்செயலாகச் சுடுவதைத் தடுக்கும் காப்பாகவும், குறி தவறுவதற்குக் காரணமாகவும் ஒருசேர அமைகின்றது.

செயற்படும் முறை

ஒற்றைச் செயல் முறையில், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அல்லது துப்பாக்கியின் மேற்பகுதி பின்னுக்கு நகரும்போது சுத்தியல் தானாகவே அந்நிலைக்குச் செல்லும். விசை செய்ய வேண்டியது, நிறுத்தப்பட்ட சுத்தியலை விடுவிப்பது மட்டுமே. எனவே அதன் பயணத்தொலைவு குறைவு. இழுப்பதற்கான பளு பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிலோகிராம் வரை இருக்கும்.

இரட்டைச் செயல் முறையில், சுத்தியலின் சுருள்வில்லை அழுத்தும் வேலையும் விரலையே சாரும். சுழல் துப்பாக்கியாயின் தோட்டாக்கள் உள்ள உருளையையும் அதே இழுப்பு ஒரு அறை அளவுக்குச் சுழற்ற வேண்டும். இதனால் விசையின் பயணத்தொலைவு நீள்வதுடன், இழுபளுவும் பொதுவாக 4.5 முதல் 6 கிலோகிராம் வரை உயர்கின்றது. உருசியாவின் 1895ஆம் ஆண்டு நகாந் சுழல் துப்பாக்கியில் இது ஏறத்தாழ 9 கிலோகிராம் ஆகும்.

சுருள்வில்லை வலுக்குறைத்தால் விசை இலகுவாகும். ஆனால் சுத்தியலின் அடி வலுவிழந்து, தோட்டாவின் பின்புறத்திலுள்ள வெடிமூடி தீப்பற்றாமல் போகக்கூடும். ஆகவே இக்கடினத்தை உற்பத்திக் குறைபாடாக மட்டும் கருத இயலாது.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்சு 1851இல் உருவாக்கிய சுழல் துப்பாக்கியை விசையை இழுத்து மட்டுமே சுட முடியும். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வழியில்லை. பிரெடரிக் போமொன்ட் 1856இல் செய்த மாற்றம் இரு முறைகளிலும் சுட வழிசெய்தது. இவ்விரு வகைகளும் 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியின்போது பிரித்தானிய அதிகாரிகளால் பயன்படுத்தப்பட்டன. நெருங்கிய சண்டையில் விரைந்து சுட முடிந்தமை இம்முறையின் சிறப்பாகக் கருதப்பட்டது.

பிரித்தானியப் படையின் என்ஃபீல்டு எண் 2 சுழல் துப்பாக்கியின் வரலாறு, கடின விசையின் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகின்றது. டாங்கிப் படையினர் தம் ஊர்தியின் குறுகிய வாயில்களில் ஏறி இறங்கும்போது சுத்தியலின் துருத்திய முனை சிக்கிக்கொண்டது. எனவே 1938இல் அம்முனை நீக்கப்பட்டு, இரட்டைச் செயலில் மட்டுமே சுடக்கூடிய வகை அறிமுகமானது. விரலால் எளிதில் இழுக்கும் பொருட்டு அதன் சுருள்வில்லும் சற்று இலகுவாக்கப்பட்டது. அவ்வாறு செய்தபின்னரும் அதன் இழுபளு 5 கிலோகிராமுக்குக் குறையவில்லை.

பிஸ்டல்களில் இம்முறையைப் பரவலாக்கியவை செருமனியின் வால்தர் நிறுவனத்தின் பிபி (1929), பி38 (1938) ஆகிய வகைகளாகும். இவற்றில் முதற்சூடு இரட்டைச் செயலிலும், அடுத்தடுத்த சூடுகள் ஒற்றைச் செயலிலும் நிகழும்.

இந்தியாவில்

உரிமம் பெற்ற குடிமக்களுக்காகக் கான்பூரில் தயாரிக்கப்படும் 0.32 அங்குலச் சுழல் துப்பாக்கி, பிரித்தானிய வெப்லி வகையின் வழிவந்தது. ஆறு தோட்டாக்கள் கொள்வது. இதன் விசை இரட்டைச் செயலில் கடினமானது என்ற கருத்து இதனை வைத்திருப்போரிடையே பரவலாக உண்டு. கான்பூரிலுள்ள சிற்றாயுதத் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் அட்வான்சுடு வெப்பன்சு அண்டு எக்யுப்மென்ட் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது.

2014இல் "நிர்பீக்" என்னும் சுழல் துப்பாக்கி அறிமுகப்படுத்தப்பட்டது. 2012 திசம்பரில் தில்லியில் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாகி உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட "நிர்பயா" என்னும் பெயரையொட்டி இப்பெயர் சூட்டப்பட்டது. இரு சொற்களும் அச்சமற்ற நிலையையே குறிக்கும். டைட்டானியக் கலப்புலோகத்தாலான இதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அறிமுக விலை ஏறத்தாழ 1.22 இலட்சம் ரூபாய். பெண்கள் கைப்பையில் எடுத்துச் செல்ல ஏற்றது என இது விளம்பரப்படுத்தப்பட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவோர், ஆயுதம் ஏந்துவது பெண்களின் பாதுகாப்பை உயர்த்தாது எனக் கூறி இதனை எதிர்த்தனர்.

இந்தியப் படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும், இசாப்பூரில் தயாரான 9 மிமீ 1ஏ பிஸ்டல் ஒற்றைச் செயல் வகையாகும். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் தாக்குதல் நீள்துப்பாக்கிகளிலும் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளும் வேலையைத் துப்பாக்கியின் நகரும் பகுதிகளே செய்கின்றன. ஆகவே இத்தகைய கருவிகளில் மட்டும் பயிற்சி பெற்ற ஒருவர் சுழல் துப்பாக்கியைக் கையாளும்போது, விசையின் கடினம் அவருக்குப் புதிதாகவே இருக்கும்.

குறிபார்த்தலில் ஏற்படும் விளைவு

500 கிராம் எடையுள்ள ஒரு துப்பாக்கியின் இழுபளு 5 கிலோகிராம் எனக் கொள்வோம். விரல் செலுத்தும் வலு துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்காகும். அவ்வலுவில் பத்தில் ஒரு பங்கு நேர்ப்பின்னாகச் செல்லாமல் பக்கவாட்டில் விலகினாலும், அது துப்பாக்கியின் முழு எடைக்கு ஈடானது. கருவியின் எடையைக் குறைத்துவிட்டு இழுபளுவைக் குறைக்காவிடில், அதனைச் சுமப்பது எளிதாகும். அசையாமல் பிடித்துச் சுடுவது அரிதாகும்.

முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பின், முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிச் செல்லும். வலக்கையால் சுடுபவருக்கு இவ்விலகல் பெரும்பாலும் இடப்புறமாகவும் கீழ்நோக்கியும் அமையும். ஒப்பீட்டுக்கு, பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் 25 மீட்டர் பிஸ்டலுக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு இழுபளு 1000 கிராமும், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு 500 கிராமும் மட்டுமே ஆகும்.

பழகிக்கொள்ளும் முறைகள்

கடின விசைக்குப் பழகுவதற்குப் பயிற்றுநர்கள் கூறும் வழிமுறைகளுள் சில:

- விரல் நுனியின் சதைப்பகுதிக்குப் பதிலாக, முதல் மூட்டின் மடிப்பை விசையில் பதித்தல். இதனால் விரலுக்குக் கூடுதல் நெம்புவலு கிடைக்கின்றது.
- துப்பாக்கியை இயன்றவரை உயரமாகவும், இரு கைகளாலும் உறுதியாகவும் பற்றுதல்.
- விசையைத் திடீரென வெட்டி இழுக்காமல், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இழுத்தல்.
- சுட்டபின் விசை முழுமையாக முன்னோக்கி வந்த பின்னரே மீண்டும் இழுத்தல். பாதியில் இழுத்தால் இயங்குமுறை சிக்கிக்கொள்ளலாம்.
- தோட்டா இன்றிச் சுட்டுப் பழகுதல். குழலின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதவாறு விசையை இழுப்பது எளிய சோதனையாகும்.

தோட்டா இன்றிப் பழகுமுன் துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்பதை இருமுறை சரிபார்த்தல் வேண்டும். உண்மைத் தோட்டாக்கள் அதே அறையில் இருக்கலாகாது. பழைய வகைகளில் சுத்தியலின் ஊசி முறியக்கூடும் என்பதால் போலித் தோட்டாக்களைப் பயன்படுத்துவது நன்று. இந்தியாவில் ஒருவர் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை உரிமத்திலேயே வரையறுக்கப்படுவதால், இப்பயிற்சி இன்றியமையாததாகின்றது.

முதற்சூடு கடினமாகவும் இரண்டாம் சூடு இலகுவாகவும் உள்ள பிஸ்டல்களில் சிக்கல் வேறு வகையானது. அமெரிக்கப் படை பயன்படுத்திய பெரெட்டா எம்9 பிஸ்டலில் முதற்சூட்டுக்கு ஏறத்தாழ 5.5 கிலோகிராமும், அடுத்தவற்றுக்கு ஏறத்தாழ 2.5 கிலோகிராமும் தேவை. முதல் இழுப்பின் வலுவையே இரண்டாவதற்கும் செலுத்துபவர், தாம் எண்ணுமுன்னரே சுட்டுவிடக்கூடும். எனவே இரு சூடுகளையும் இணைத்தே பழகுதல் வேண்டும்.

மாற்றியமைத்தலும் சட்டமும்

உராயும் பரப்புகளை மெருகேற்றுவதாலும், சுருள்வில்லை மாற்றுவதாலும் விசையை ஓரளவு இலகுவாக்கலாம். எனினும் இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, விற்பனைக்காகவோ பிறருக்காகவோ துப்பாக்கிகளைத் தயாரித்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் போன்ற பணிகளைச் செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் பெற்ற பட்டறையிலேயே துப்பாக்கியைச் சீர்செய்தல் வேண்டும்.

பாதுகாப்பு குறித்த விவாதம்

சுழல் துப்பாக்கிகளில் பொதுவாகத் தனிப் பாதுகாப்புப் பூட்டு இருப்பதில்லை. நீண்ட, கடினமான இழுப்பே பூட்டின் இடத்தை நிரப்புகின்றது. சிங்கப்பூர்க் காவல்துறைக்கென வெப்லி நிறுவனம் பூட்டுடன் தயாரித்த வகை இதற்கு விதிவிலக்காகும்.

நியூயார்க் காவல்துறை 1993இல் சுழல் துப்பாக்கியிலிருந்து பிஸ்டலுக்கு மாறியது. தற்செயலாகச் சுடுவதைத் தவிர்க்க, அப்பிஸ்டல்களின் இழுபளு ஏறத்தாழ 5.4 கிலோகிராமாக உயர்த்தப்பட்டது. 2012 ஆகத்து 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே கொலையாளி ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டனர். அக்குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் பொதுமக்கள் 9 பேர் காயமுற்றனர். கடின விசையும் ஒரு காரணம் எனச் சிலர் வாதிட்டனர். போதிய பயிற்சி இன்மையே காரணம் என வேறு சிலர் கூறினர்.

இலகுவான விசை, சுட எண்ணாதபோது துப்பாக்கி வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றது. கடினமான விசை, சுட எண்ணியபோது குண்டு வேறொருவர்மீது பாயும் வாய்ப்பைக் கூட்டுகின்றது. விசையை இழுக்க முடிவு செய்யும்வரை விரலை அதன்மேல் வைக்காதிருத்தல் என்னும் விதி முதலாவதற்கும், இடைவிடாப் பயிற்சி இரண்டாவதற்கும் தீர்வாகக் கூறப்படுகின்றன. பயிற்சியின்றி வைத்திருக்கும் துப்பாக்கியில் விசையின் கடினம், வைத்திருப்பவருக்கும் அருகிலிருப்போருக்கும் முழுமையான காப்பாக அமைவதில்லை.