"நான் எங்கே போறது?" - சட்ட மாணவன் கற்ற பாடம்

மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே நின்று தொழில் கற்கிறார். சட்ட மாணவரும் அப்படி, துன்பப்பட்டு வருகிறவரின் எதிரே உட்கார்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் மெல்லத்தான் வேரூன்றியது. இலவச சட்ட உதவி 1976-இல் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. இந்திய பார் கவுன்சில் 1997-இல் நான்கு செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. சட்ட உதவிப் பணி அவற்றுள் ஒன்று.

அதற்குச் சற்று முன்பு நான் டெல்லியில் சட்டம் படித்தேன். ஒருநாள் கல்லூரியின் சட்ட உதவி மையத்திற்குத் தமிழ் மட்டுமே தெரிந்த ஓர் அம்மா வந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். கணவர் அடிப்பதைச் சொன்னார். எனக்கு 498-ஏ பிரிவு மனப்பாடம். கணவரின் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்று 1983-இல் வந்த பிரிவு அது. மளமளவென்று புகார் எழுதி நீட்டினேன்.

"அவரை உள்ள வச்சுட்டா நானும் பிள்ளைங்களும் எங்கே போறது தம்பி? வீடு மாமியார் பேர்ல இருக்கே" என்றார். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை.

பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. "இன்னிக்கு ராத்திரி எங்கே தங்குவீங்கன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்கவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லப் பல ஆண்டுகள் ஆயின. 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்குத் தங்கும் உரிமை உண்டு என்றது அதன் 17-ஆவது பிரிவு. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாமியாருக்குச் சொந்தமான வீடு இதில் சேராது என்று தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில்தான் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்று மாற்றியது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு 27-ஆவது பிரிவும் முக்கியம். பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். தாய்வீடு திரும்பியவர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று சட்டம் படிக்கிறார்கள். மொழி தெரியாத ஒரு தமிழ்ப் பெண் மையத்துக்கு வந்தால் துணைக்குப் போய் உட்காருங்கள். பேனாவை அப்புறம் எடுக்கலாம். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.