உலோகச் சோர்வும் நிகழ்தகவும்

தாங்கக்கூடிய பாரத்திற் பாதியை மட்டுமே சுமந்துவந்த இரும்பு அச்சொன்று ஒருநாள் திடீரென முறிந்துவிடுதல், புகைவண்டி தோன்றிய காலத்தவர்க்குப் பெரும் புதிராயிருந்தது. 1842ஆம் ஆண்டு மே மாதத்தில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசு திரும்பிய வண்டி அச்சு முறிந்து தீப்பற்றியதில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரசிய நாட்டு ஓகஸ்ற் வோலர் பல்லாண்டு பரிசோதனை நடாத்தி, சிறு பாரமும் இலட்சக்கணக்கான முறை மாறிமாறி வருமாயின் உலோகத்தை முறிக்கும் என 1870ஆம் ஆண்டளவில் நிறுவினார். இதுவே உலோகச் சோர்வு எனப்படும். எத்தனை முறை என்பதற்கு அவர் முறை விடை தந்தது. ஆயினும் ஒரே பட்டறையில் ஒரே வகையாய் அமைந்த இரு துண்டுகள் வெவ்வேறு காலத்தில் முறிவதை எவ்வாறு கணக்கிற் கொள்வது என்ற வினா எஞ்சியே நின்றது.

அவ்வினாவின் கடுமையைப் பிரித்தானியரின் கொமெற் விமானம் உணர்த்திற்று. 1952ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி பயணிகள் சேவையைத் தொடங்கிய முதல் தாரை விமானம் அது. உயரப் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுவதால், பறப்பு ஒவ்வொன்றிலும் அதன் உடல் சற்றே விம்மிச் சுருங்கும். 1954ஆம் ஆண்டு சனவரி 10இல் எல்பாத் தீவருகே ஒன்று சிதறி 35 பேரும், ஏப்பிரல் 8இல் நேப்பிள்சுக்கு அப்பால் மற்றொன்று சிதறி 21 பேரும் உயிரிழந்தனர். முன்னையது ஏறக்குறைய 1,290 பறப்புக்களையும் பின்னையது 900 பறப்புக்களையுமே கண்டிருந்தன. பாண்பரோவில் ஆணல்ட் ஹோல் தலைமையில், சேவையிலிருந்த மூன்றாம் விமானமொன்றின் உடல் நீர்த்தொட்டியுள் வைக்கப்பட்டு அழுத்தம் ஏற்றியிறக்கப்பட்டது. முன்னர்ப் பறந்த 1,231 பறப்புக்களோடு தொட்டியில் 1,826 பறப்புக்குச் சமமான சோதனையும் சேர, மொத்தம் 3,057இல் அது பிளந்தது.

செய்தோர் அசட்டையாயிருந்தனர் என்று கூறுதல் தகாது. அவர்தம் சோதனைத் துண்டு ஏறத்தாழ 16,000 தடவை தாங்கியிருந்தது. ஆனால் அத்துண்டு முன்னரே, வலிமையைச் சோதித்தற்பொருட்டு, வழக்கமான அழுத்தத்தின் இருமடங்களவுக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அதனாற் சாளர மூலைகளில் உலோகம் சிறிது இளகி, அவ்விடத்தே அமுக்கத் தகைப்பு எஞ்சிப் பிளவின் வளர்ச்சியைத் தடுத்தது. பலம் காட்டவந்த சோதனையே ஆயுளை மிகைப்படுத்திக் காட்டிற்று! அஃதன்றியும், 900, 1,290, 3,057 என்னும் எண்கள் ஒரே வகை விமானத்துக்குரியன. ஒரு துண்டின் ஆயுளைக்கொண்டு கூட்டம் முழுவதன் ஆயுளை அளத்தல் இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சுவீடன் நாட்டு வைபுல் 1939இலும் 1951இலும் வெளியிட்ட கட்டுரைகளிற் பொருள்களின் முறிவை நிகழ்தகவுப் பரம்பலால் விளக்கினார். 1960களின் முற்பகுதியில் அமெரிக்கரான போல் பரிசு, ஒவ்வொரு சுற்றிலும் பிளவு எவ்வளவு நீளும் என்பதைப் பிளவு முனையின் தகைப்புச் செறிவோடு தொடர்புபடுத்தினார். 1969இல் எப்-111 போர்விமானமொன்று நூறு மணித்தியாலத்துக்குச் சற்றே மேற்பறந்த நிலையில், உருக்கை அடித்துருவாக்கும்போது நேர்ந்த குறையினாற் சிறகொடிந்தது. அதன்பின், புதிய உறுப்பிலும் பிளவு உண்டெனக் கொண்டே அமெரிக்க விமானப்படை கணக்கிடத் தொடங்கியது.

1979இல் வேக்லரும் கூட்டாளரும் ஒரே அலுமினியக் கலப்புலோகத்தின் 68 தகடுகளில், 9 மில்லிமீற்றர்ப் பிளவை ஒரேவகைப் பாரத்தின் கீழ் வளரவிட்டு அளந்தனர். அறுபத்தெட்டும் வெவ்வேறு வளைகோடுகளாயின. தொடக்கத்தில் விரைந்து வளர்ந்த சில பின்னர்த் தளர, மெல்லத் தொடங்கிய சில அவற்றைக் கடந்து சென்றன.