உரம் மிகுந்து கருகிய புல்தரை: மீட்பது எப்படி?

உரம் போட்ட சில நாள்களில் வீட்டு முன்புறப் புல்தரை மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறினால், உரம் கூடிவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். உரம் கொட்டிய இடம் திட்டாகவும், வீசிச் சென்ற வழி கோடாகவும் கருகியிருப்பது அதன் அடையாளம். இரசாயன உரம் ஒரு வகை உப்பு. மண்ணில் அது மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது.

உடனே செய்ய வேண்டியவை

கண்ணில் படும் உர மணிகளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஆடு, மாடு வளர்ப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்வது அவசியம். யூரியா மணிகளைத் தின்னும் கால்நடை இறந்துபோகலாம். உரம் மிகுந்த புல்லும் அவற்றுக்கு நஞ்சாகலாம். அங்கே மேயவிடவோ, அந்தப் புல்லை அறுத்துப் போடவோ கூடாது.

அடுத்து, மண்ணில் கரைந்த உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 லிட்டர் நீரை, சில நாள்களுக்கு மெதுவாகப் பாய்ச்சலாம். களிமண்ணாக இருந்தால் காலை, மாலை எனப் பிரித்து ஊற்றுவது நல்லது. நீர் தேங்கினாலும் வேர் அழுகும்.

பிழைக்குமா?

இலை காய்ந்தாலும் புல் செத்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். அடித்தண்டு வெண்மையாகவோ பச்சையாகவோ உறுதியாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். இரண்டு, மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம். இழுத்ததும் வேரோடு கையில் வரும் திட்டுகளை அகற்றி, மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்துப் புதுமண் நிரப்ப வேண்டும். 'கவ் கிராஸ்' எனப்படும் அகன்ற இலைப் புல்லாக இருந்தால், நல்ல பகுதியிலிருந்து வேருள்ள தண்டுகளை எடுத்து நட்டாலே படர்ந்துவிடும்.

இனி எவ்வளவு?

புல் தேறும்வரை எந்த உரமும் வேண்டாம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. 15-15-15 கலவை உரத்தில் 15 விழுக்காடுதான். ஒரே எடைக்கு மூன்று மடங்கு வேறுபாடு. பத்துச் சதுர மீட்டருக்கு ஒருமுறை யூரியா என்றால் 100 கிராம், கலவை உரம் என்றால் 300 கிராம் தாண்டாமல் இருப்பது நல்லது. செம்பனைக்கு அள்ளிப் போட்டுப் பழகிய கை, புல்லுக்கு மட்டும் தராசைத் தேட வேண்டும். இலை காய்ந்திருக்கும்போது சீராகத் தூவி, உடனே நீர் பாய்ச்சினால் கருகல் வராது.