வள்ளிக்கிழங்கும் கருக்காவலும்

பெரியகுளத்தைத் தாண்டி, கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலையை நோக்கி ஏறும் மலைச்சாலையில் அடுக்கம் என்றோர் ஊர் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தோய்ந்தவர்களுக்கு அந்தப் பெயரே குறிஞ்சித்திணையை நினைவூட்டும். பாறைமேல் பாறையாக அடுக்கிய மலைச்சரிவை நம் புலவர்கள் அடுக்கம் என்றே அழைத்தனர்.

பழனி மலைத்தொடரின் சரிவுகளில் காட்டுக்கிழங்கை அகழ்ந்து வாழ்ந்தவர்கள் பளியர்கள். இயேசு சபைப் பாதிரியார் டாமன் 1908இல் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். இவர்கள் அகழ்ந்த கிழங்குகளில் முதன்மையானவை டயஸ்கோரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. சங்க இலக்கியத்தின் வள்ளிக்கிழங்கும் இந்த இனமே என்பர். இன்று நாம் உண்ணும் சர்க்கரைவள்ளி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த வேறொரு கொடி. உழவர் உழாமலே பறம்புமலை தரும் நான்கு விளைபொருள்களைக் கபிலர் புறநானூற்றில் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கந்தபுராணத்திலோ முருகனின் துணைவி பிறப்பதே கிழங்கு அகழ்ந்த குழியில்தான். மான் வயிற்றில் பிறந்த குழந்தைக்கு அந்தக் குழியால்தான் வள்ளி என்று பெயர் வந்தது.

கிழங்குக்கும் பிறப்புக்கும் கதையில் அமைந்த இந்த உறவு, இருபதாம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றிலும் எதிர்பாராத வகையில் அமைந்தது. கருவைக் காக்கும் ஹார்மோனை மலிவாக்கியது ஒரு காட்டு வள்ளிக்கிழங்கு. அந்த வரலாற்றை அறிய முதலில் கருவுற்ற உடலுக்குள் நடப்பதைச் சற்றே பார்க்கவேண்டும்.

சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரள் உருவாகிறது. மருத்துவர்கள் இதைக் கார்பஸ் லூட்டியம் என்பர். தமிழில் மஞ்சள் உடலம் எனலாம். கரு தங்கவில்லையெனில் இரண்டு வாரங்களில் இது வாடிவிடும். ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகர மருத்துவர் லுட்விக் ஃபிரெங்கல், சினையுற்ற முயல்களில் இந்த மஞ்சள் உடலத்தை அழித்தால் கரு நிலைப்பதில்லை என்பதை 1903இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் இரண்டாண்டுகள் கழித்து 1905இல்தான் அறிமுகப்படுத்தினார். 1929இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கார்னரும் ஆலனும், சூலகம் நீக்கப்பட்ட முயல்களுக்கு மஞ்சள் உடலத்தின் சாற்றைச் செலுத்திக் கருவைக் காத்தனர். 1934இல் அந்தச் சாற்றின் சாரம் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. அதுவே புரொஜெஸ்டிரோன்.

இந்த ஹார்மோனின் முதற்பணி கருப்பைத் தசையை அமைதிப்படுத்தி வைத்திருப்பது. ஆனால் அது கருப்பையோடு நிற்பதில்லை. குடலின் தசைகளும் தளர்வதால் செரிமானம் மந்தமாகிறது. மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் வருகின்றன. மூச்சு ஆழமாகிறது. தாயின் உடலுக்குப் பாதி அயலான ஓர் உயிரை அவளது நோய்எதிர்ப்பு ஆற்றல் தாக்காதிருக்கவும் இது துணைசெய்கிறது.

மஞ்சள் உடலம் வாடாமலிருக்கக் கருவே ஒரு தூது அனுப்புகிறது. எச்.சி.ஜி. எனப்படும் அந்த ஹார்மோன் சிறுநீரில் வெளிப்படுவதைக் கொண்டுதான் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோன்டெக்கும் 1920களின் இறுதியில் கருவுற்றதைக் கண்டறியும் சோதனையை உருவாக்கினர். (ஃபிரெங்கலும் சோன்டெக்கும் யூதர்கள். 1933க்குப் பின் இருவருமே ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது.) ஏறத்தாழ ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்திற்குள் நஞ்சுக்கொடி புரொஜெஸ்டிரோன் சுரக்கும் பொறுப்பை ஏற்கிறது. ஈஸ்ட்ரோஜனை உருவாக்குவதிலோ குழந்தைக்கே பங்குண்டு: குழந்தையின் அட்ரினல் சுரப்பி தரும் மூலப்பொருளை நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. நஞ்சுக்கொடியின் வேறு சில ஹார்மோன்கள் தாயின் இன்சுலினுக்குத் தடையாகி, சர்க்கரையைக் குழந்தையின் பக்கம் திருப்புகின்றன. இத்தடையை ஈடுகட்டும் அளவுக்கு இன்சுலின் சுரக்காத பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வருகிறது.

மசக்கையைப் பழந்தமிழர் வயா என்றனர். சேரனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கையால் உண்பதன்றிப் பகைவர் உண்ணார் என்று குறுங்கோழியூர் கிழார் புறநானூற்றில் பாடுகிறார். மண்மீதான அவ்வேட்கை இன்னும் முழுதாக விளங்கவில்லை. மசக்கையின் வாந்திக்கு மட்டும் 2023இல் ஒரு விடை கிடைத்தது: கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனே அதற்கு முக்கியக் காரணம். கருவுறுமுன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு வாந்தி கடுமையாகிறது.

இனிக் கிழங்குக்கு வருவோம். 1934இல் புரொஜெஸ்டிரோனைப் பிரித்தவர்களுள் ஒருவரான பூட்டெனாண்ட், இருபது மில்லிகிராம் பெறுவதற்கு ஐம்பதாயிரம் பெண்பன்றிகளின் சூலகங்களைப் பயன்படுத்தினார். இந்நிலையில் அதன் விலை தங்கத்தை விடப் பன்மடங்கு இருந்ததில் வியப்பில்லை. பென்சில்வேனியாவின் வேதியியல் பேராசிரியர் ரஸ்ஸல் மார்க்கர், டயஸ்கோரியாக் கிழங்குகளில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் புரொஜெஸ்டிரோனாக மாற்றும் வழியைக் கண்டார். கிழங்கைத் தேடி மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்திற்குச் சென்றார். அங்கே கிடைத்த ஏறக்குறைய பத்து டன் கிழங்கிலிருந்து மூன்று கிலோ புரொஜெஸ்டிரோன் செய்தார். உலகம் அதுவரை அவ்வளவை ஒரே இடத்தில் கண்டதில்லை. 1944இல் சின்டெக்ஸ் நிறுவனம் உருவானது. மறு ஆண்டே பணத்தகராறில் மார்க்கர் விலகினார். 1951இல் அதே நிறுவனத்தில்தான் கருத்தடை மாத்திரைக்கு அடிப்படையான நோரெத்திஸ்டிரோன் பிறந்தது. கருவைக் காக்கும் மருந்தும் கருவைத் தவிர்க்கும் மருந்தும் ஒரே கிழங்கினத்தின் வழியில் வந்தவை.

இந்த வரலாற்றில் வேதியியலாளர்களின் பெயர்கள் உள்ளன, நிறுவனத்தின் பெயர் உள்ளது. ஈரக்காட்டில் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தோண்டிச் சுமந்த ஆயிரக்கணக்கான மெக்சிகோ மலைமக்களின் பெயர்கள் மட்டும் இல்லை. பலர் அது எதற்குப் பயன்படுகிறது என்றே அறியாமல் தோண்டினர். 1975இல் மெக்சிகோ அரசு இவ்வணிகத்தை நெறிப்படுத்த ஒரு பொதுத்துறை நிறுவனம் தொடங்கிற்று. அதற்குள் மருந்து நிறுவனங்கள் சோயா முதலிய பிற மூலங்களை நாடத் தொடங்கியிருந்தன. இந்தியாவிலும் இமயச் சரிவுகளில் வளரும் டயஸ்கோரியா டெல்டாய்டியா இதே தேவைக்காக அளவின்றி அகழப்பட்டது. அதன் பன்னாட்டு வணிகம் இன்று கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காட்டுக்கிழங்கு உண்டால் கரு நிலைக்கும் என்றும், கிழங்குக் களிம்பு ஹார்மோன் தரும் என்றும் விளம்பரங்கள் உலவுகின்றன. டயோஸ்ஜெனினைப் புரொஜெஸ்டிரோனாக மாற்றும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை. அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும். மேலும் காட்டுக்கிழங்குகளில் சில நச்சுத்தன்மை உடையவை. பதப்படுத்தும் முறை அறியாதவர்கள் உண்ணத் தகாதவை. தூய மருந்தும்கூட எல்லாக் கருச்சிதைவுக்கும் மாற்று அன்று. பிரிட்டனில், கருவுற்ற தொடக்கத்தில் இரத்தப்போக்கு கண்ட 4,153 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. மருந்து பெற்றோரில் 75 விழுக்காட்டினரும் பெறாதோரில் 72 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். முன்பே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிதைவுகளைக் கண்டவர்களிடம் மட்டும் வேறுபாடு பெரிதாக இருந்தது: 72க்கு 57. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பறம்பின் வளத்தைப் பாடும்போது கபிலர் கிழங்கையும் விடாமல் எண்ணினார். ஹார்மோன்களின் வரலாற்றை எழுதுபவர்கள் அகழ்ந்த கைகளுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை. மகப்பேறு மருத்துவத்தின் வரலாறு தமிழில் எழுதப்படும்போது, பிரெஸ்லௌவுக்கும் ரோசெஸ்டருக்கும் அருகே வெராகுரூஸின் கிழங்குக் குழிகளும் இடம்பெற வேண்டும். அடுக்கத்துச் சரிவில் கிழங்கு அகழ்ந்தவர்களை அறிந்த நமக்கு, அந்த மக்களை அடையாளம் காண்பது கடினமன்று.