பாங்கியின் வாரக் கணக்கு

நாட்டின் நாணயத்தைக் காக்கும் பாங்கி தன் பெட்டகத்தில் உள்ளதை ஊரறியச் சொல்லவேண்டுமா, மறைத்து வைக்கவேண்டுமா? இங்கிலாந்தில் இவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. 1797-இல் பிரெஞ்சுப் படையெடுப்பை அஞ்சிய மக்கள் நோட்டுகளை நீட்டிப் பொன் கேட்டு மொய்த்தனர். இங்கிலாந்து பாங்கி பொன் கொடுப்பதையே நிறுத்திற்று. அத்தடை 1821 வரை நீடித்தது. கையிருப்பு எவ்வளவு என்பதை வெளியார் தெளிவாக அறிய வழியில்லை.

1844-இல் பிரதமர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டம், நோட்டு வெளியிடும் பகுதியையும் பாங்கித் தொழிற் பகுதியையும் பிரித்தது. இரண்டின் கணக்கும் வாரந்தோறும் லண்டன் அரசிதழில் வெளிவரவேண்டும் என்றும் விதித்தது. சிறு பட்டியல்தான், ஆயினும் வணிகர் அதனை, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தனர். கையிருப்பு குறைந்ததை அச்சில் கண்டபோது அச்சமும் பெருகிற்று. 1847, 1857, 1866 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகளில், நோட்டு வரம்பை மீற நேரினும் சட்டக் காப்பு அளிப்பதாக அரசாங்கமே பாங்கிக்குக் கடிதம் கொடுக்கவேண்டியதாயிற்று. அப்போதும் கணக்கை வெளியிடும் வழக்கம் கைவிடப்படவில்லை. வதந்தி செய்யும் கேட்டை நோக்க, அதுவே சரியென்பது என் துணிபு.

நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் பாங்கிச் சட்டமும், 53-ஆம் பிரிவில், வாரக் கணக்கைக் கட்டாயமாக்கிற்று. 1947 ஜனவரியில் அப்பாங்கியின் மாத வெளியீடும் தொடங்கிற்று. பழைய கல்லூரி நூலகங்களில் தேடினால் அதன் தொகுதிகள் அகப்படலாம். பெரும்பாலும் எவர் கையும் படாமலே இருக்கும்! மாணவர்களே, 1949-ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்துப் பாருங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.